தாய்மார் எஞ்சினுக்கு வைத்த கையெழுத்து

எங்கள் எம்.பி. சோமசேகரம் ஐந்து வருடத்தில் பாராளுமன்றத்தில் நாலு தரம் வாய் திறந்தார். அதில் இரண்டு கொட்டாவி. மற்ற இரண்டும் இராசதுரை முதலாளியின் ஐஸ் தொழிற்சாலைக்குக் கரண்ட் கேட்டது. தேர்தலுக்குப் போஸ்டர், லொறி, ஒலிபெருக்கி எல்லாம் முதலாளியின் காசு. சோறு போட்ட கைக்கு வாலாட்டத்தானே வேண்டும்.

ஈச்சிலம்பற்றில் எங்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. பிள்ளைப்பேற்று நோ எடுத்தவளை மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, எங்கள் வள்ளத்துக்கு ஓர் எஞ்சின். சண்டையால் றோட்டு மூடிக் கிடந்தது. துடுப்புப் போட்டுப் போனால் அரை நாள். கனகம்மாவின் மகள் அந்த அரை நாளில்தான், நடுக்கடலில், வயிற்றுப் பிள்ளையோடு செத்தாள். மாதர் சங்கத் தலைவி நான். அதன் பிறகு மனு மேல் மனு எழுதினேன்.

தொண்ணூற்று மூன்றில் எம்.பி.யின் நிதியில் எஞ்சின் கிடைத்தது. கடதாசியில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக்கு உத்தியோகத்தர் வருவது மாதத்தில் ஒருநாள், இராணுவக் காவலரண் திறக்கிற நாளில். அதனால் சாமான் வருமுன்னே கையெழுத்து வைப்பது ஊர்வழக்கம். தகரமும் நிவாரண மாவும் அப்படித்தான் வாங்கினோம், வந்தும் சேர்ந்தன. கந்தோர்க் கிளாக்கர் றஊப், பாவம், அவரும் நம்பித்தான் வந்தார்.

"அக்கா, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. எஞ்சின் வாற கிழமை வரும்."

'பெற்றுக்கொண்டேன்' என்பதற்குக் கீழே புஷ்பவதி என்று வடிவாக எழுதி, முத்திரை குத்திய பிரதியையும் வாங்கி வைத்தேன். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்.

எஞ்சின் வந்தது, ஆனால் முதலாளியின் படகில் பூட்டப்பட்டு. எம்.பி.யிடம் கேட்கப் போனேன். சிரித்துக்கொண்டே தேத்தண்ணி தந்தார்.

"நீங்கள் பெற்றுக்கொண்டதா எழுதியிருக்கே, அம்மா."

அடுத்த ஆவணியில் தேர்தல். மனிதர் வோட்டுக் கேட்டு வந்திறங்கியதே முதலாளியின் படகில், எங்கள் எஞ்சினில். என் தங்கச்சி பத்மாசனிக்கு அப்போது நிறைமாதம், தலைப்பிள்ளை. அந்த எஞ்சின் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. ஆனாலும் எங்கள் சனம் பூரணகும்பம் வைத்து வரவேற்றது. வெட்கங்கெட்ட சனம், நானும் சேர்த்தி.

பள்ளிக்கூட முற்றத்தில் நின்று எம்.பி. தன் நோட்டீசை வாசித்தார். முதலாவது சமாதானமாம். இரண்டாவது தாய்மார் நலமாம்.

"ஈச்சிலம்பற்றுத் தாய்மாருக்கு எஞ்சின் தந்தது ஆர்? நான்."

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவரைக் கண்டிருக்கிறேன். பிள்ளையாரின் தேங்காயையே திருடிவிட்டு அவரிடம் நன்றி கேட்பவரை அன்றுதான் கண்டேன். அந்த நேரம் பக்கத்து வீட்டு நல்லம்மா ஓடிவந்து என் காதுக்குள் சொன்னாள்:

"தங்கச்சிக்குத் தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது."

எழுந்து நேரே மேடைக்குப் போனேன்.

"அந்த எஞ்சின் எங்கட எண்டு இப்ப சொன்னது மெய்தானே, ஐயா?"

"ஓம், அதில என்ன சந்தேகம்?"

"அப்ப எடுக்கிறம். பத்மாசனியை மூதூருக்குக் கொண்டுபோகவேணும்."

அவர் முகம் செத்தது. குனிந்து மெல்லச் சொன்னார்:

"நாலு மணிக்கு நேவி கடலை மூடிப்போடும். நான் அதுக்குள்ள ரவுணில வீட்டுக்குப் போய்ச் சேரவேணும். பிள்ளைப்பேறு கொஞ்சம் பொறுக்கும், அம்மா."

மெல்லத்தான் சொன்னார். கையிலிருந்த மைக்கை நிற்பாட்ட மறந்துபோனார். முதலாளி காசு கொடுத்த ஒலிபெருக்கி அதை ஊர் முழுவதற்கும் சொன்னது.

முதலில் எழுந்தவள் கனகம்மா. எம்.பி.க்கு முன்னால் இருந்த பூரணகும்பத்தைத் தூக்கி, தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டு, படகை நோக்கி நடந்தாள். பெண்கள் எல்லோரும் அவள் பின்னால் போனோம். படகோட்டி தம்பையா முதலாளியின் ஆள். கனகம்மாவின் முகத்தைப் பார்த்தான். பத்மாசனியைத் தூக்கி வந்து ஏற்றியதும் எஞ்சின் கயிற்றை இழுத்தான்.

கடலில் நேவி மறித்தது. படகின் பாஸ் எம்.பி.யின் பேரில் இருந்தது, படகில் எம்.பி. இல்லை. எஞ்சின் பெற்றுக்கொண்டதாக நான் கையெழுத்து வைத்த பிரதியை மடியிலிருந்து எடுத்து நீட்டினேன். நேவிக்காரன் முத்திரையைப் பார்த்தான், தங்கச்சியின் வயிற்றைப் பார்த்தான், போகச் சொல்லிக் கை காட்டினான். மூதூரில் விளக்கு வைக்கிற நேரம் பெண்பிள்ளை பிறந்தது. பெறாமகளைக் கையில் வாங்கி நான் குழறி அழுதேன்.

எம்.பி. மறுநாள் காவலரணில் தன் பேரைச் சொல்லி வழி திறப்பித்து, களப்புச் சேற்றுக்குள்ளால் உழவு மிசின் பெட்டியில் ஏறி, சேறு அப்பிய வேட்டியோடு வீடு போய்ச் சேர்ந்தாராம். மானமுள்ளவன் என்றால் வாய் பொத்தியிருப்பான். மூன்றாம் நாள் புது நோட்டீஸ் வந்தது: 'மாதர் சங்கத்துக்குத் தாம் வழங்கிய எஞ்சினில் தாயை அனுப்பிவைத்து, தாம் சேற்றில் நடந்த தலைவர்.' வென்றும் விட்டார்.

தேர்தல் முடியும் வரை நோட்டீசுக்காக விட்டுவைத்த படகைக் கேட்டு, முதலாளியின் கணக்கப்பிள்ளை கனகசபை எங்கள் கரைக்கு வந்தார்.

"படகையும் எஞ்சினையும் முதலாளி ஐயா கொண்டுவரச் சொன்னவர்."

"படகு உங்கட, கொண்டுபோங்கோ. எஞ்சின் நிக்கட்டும்."

"அது ஏலாது, அக்கா. ஐயா ஏசுவார்."

ஒரு கையில் எம்.பி.யின் நோட்டீசையும் மறு கையில் என் பிரதியையும் பிடித்துக் காட்டினேன். இரண்டையும் இரண்டு தரம் வாசித்தார்.

"போய்ச் சொல்லுங்கோ," என்றேன். "பெற்றுக்கொண்டேன் எண்டு போன வருசம் கையெழுத்து வைச்சனான். இப்பதான் பெற்றுக்கொண்டனான்."