மூன்றாவது கேசட்டுக்கான பழி

எங்கள் மாவட்டத்தில், மூன்றாவது கேசட் போடாமல் ஓர் இசைக்குழு கலைந்துபோனால் ரசிகர்களுக்குப் பழிவாங்கும் உரிமை உண்டு. இருபது வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

குழுவின் பெயர் கடைவாய்ப்பல். தூத்துக்குடிக்காரர்கள், நான்கு பேர். முதல் கேசட் ‘உப்பு’. இரண்டாவது ‘இன்னும் கொஞ்சம் உப்பு’. இரண்டிலும் சேர்த்துப் பதினேழு பாட்டு. அதோடு நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. சுமாரான குழுக்கள் எல்லாம் வருடத்துக்கு இரண்டு என்று போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தன.

என் அண்ணன் தயாபரன் மூன்றாவதற்காகக் காத்திருந்தான். டேப் ரெக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்தே காத்திருந்தான்.

“வந்துரும் திலகா. இந்தத் தீபாவளிக்குள்ள வந்துரும்” என்பான். பெண் பார்க்கப் போகலாம் என்று கூப்பிட்டால், கேசட் வரட்டும், கேட்டுவிட்டுப் போவோம் என்பான்.

பதினோராவது வருடம், ஒரு புதன்கிழமை, நான் காப்பி கொண்டுபோனபோது அவன் நாற்காலியாகியிருந்தான். தேக்கு. கை வைத்தது. காப்பியை நானே குடித்தேன். குழுவின் பாடகர் எபநேசரை விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஒன்பது வருடம் ஆயிற்று. பழிவாங்கும் அலுவலகத்திலேயே குமாஸ்தாவாக இருந்தார்.

அண்ணனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் இருந்த காவலாளி நடைவழியைக் காட்டி, பத்தடி தூரம்தான் என்றார். நடக்க நடக்க அது நீண்டது. ‘கோபம் எவ்வளவோ அவ்வளவு தூரம்’ என்று சுவரில் எழுதியிருந்தது. வழியில் இரண்டு தடவை அண்ணன் மேல் உட்கார்ந்து இளைப்பாறினேன். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பாகப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் மேசையில் சரோஜினி என்ற அம்மாள் விண்ணப்பம் வாங்கினார்.

“பாதிக்கப்பட்டது யாரு?”

“இவன்தான். எங்கண்ணன்.”

“கை வச்சதா, கை இல்லாததா?”

“கை உண்டு.”

எழுதிக்கொண்டார். “என்ன பழி வேணும்? அடி, அவமானம், சாபம் மூணும் இந்த மாசத்துக்குத் தீந்துபோச்சு.”

“மூணாவது கேசட்டு முழுசையும் அவரு பாடணும்.”

“அது பழி இல்லையேம்மா. ஆசைல்லா?”

“மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.”

சரோஜினி முத்திரையை எடுத்து அண்ணன் முதுகில் ஓங்கிக் குத்தினார். நாற்காலி கொஞ்சம் இருமியது.

எபநேசர் ஜன்னலோரம் உட்கார்ந்து கோப்புகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். தலையில் முடி இல்லை. குரல் மட்டும் கேசட்டில் இருந்த அதே குரல்.

“மூணாவதா? அது அப்பவே முடிஞ்சிட்டே தங்கச்சி” என்றார். “ஒம்பது பாட்டு.”

“பெறவு ஏன் போடல?”

“நல்லா இல்லைன்னு யாராச்சும் சொல்லிட்டா?”

“அதுக்கு இருபது வருசமா?”

“பயம் போகணும்லா.”

நாற்காலியை அவர் முன்னால் வைத்தேன். யார் என்று கேட்டார். உங்களுக்காகக் காத்திருந்தவன் என்றேன். எபநேசர் எழுந்து நின்று நாற்காலிக்கு வணக்கம் சொன்னார். பிறகு நின்றபடியே பாட ஆரம்பித்தார்.

முதல் பாட்டிலேயே எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

இரண்டாவது பாட்டுக்கு மின்விசிறிகள் நின்றன. நான்காவதற்கு அண்ணன் முன்காலைத் தரையில் தட்டித் தாளம் போட்டான். ஐந்தாவது பாட்டு, மழையில் நனைந்த தீப்பெட்டியை வெயிலில் காய வைக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. சரோஜினி விண்ணப்பத்தின் மேல் அழுதார். அழுத தாளையும் கோப்பில் சேர்த்தார். ஒன்பதாவது பாட்டு முடிந்ததும் அறையில் யாரும் நகரவில்லை. பதினோரு வருடம் என் அண்ணன் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. மன்னிக்கவே முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது.

எபநேசர் ஒரு கோப்பு நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார்.

“எப்படி இருக்கு தங்கச்சி?”

நான் சரோஜினியைப் பார்த்தேன்.

“நீங்க அபிப்பிராயம் சொன்னாத்தான் கோப்பை மூட முடியும்” என்றார் அவர். “அதுவரைக்கும் சார் வீட்டுக்குப் போக முடியாது.”

“எத்தனை நாளுக்குள்ள சொல்லணும்?”

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். “கெடு ஒண்ணும் போடலம்மா.”

நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டேன்.

“ஒரு வார்த்தை தங்கச்சி” என்றார் எபநேசர். “நல்லா இல்லைன்னாச்சும் சொல்லிட்டுப் போங்க.”

நான் சொல்லவில்லை.

இப்போது தினமும் காலை எட்டு மணிக்கு வீட்டில் தொலைபேசி அடிக்கிறது.

“எபநேசர் பேசுதேன். ஏதாச்சும் யோசிச்சியளா?”

ரிசீவரை அடுப்புப் பக்கம் வைத்துவிடுவேன். அவர் குக்கர் விசிலைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

“நேத்து மூணு விசில், இன்னைக்கு நாலு” என்றார் போன வாரம். “நாலாவது பாட்டைச் சொல்லுதியளா?”

பருப்பு வேகவில்லை. அவ்வளவுதான்.

கூடத்தில் அண்ணன் காலைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். சொல்லித் தொலை என்கிறான் போலிருக்கிறது. அவன் எப்போதுமே இளகின மனசுக்காரன். நான் அப்படி இல்லை.

அவர் பேசிக் களைத்த பிறகு ரிசீவரை வைக்கிறேன். சரியாக வைத்திருக்கிறேனா என்று இரண்டு தடவை பார்க்கிறேன். ஜன்னலைச் சாத்துகிறேன். அதன் பிறகுதான் ஐந்தாவது பாட்டைப் பாடுகிறேன், மெதுவாக.