அறுபத்திரண்டு எண்கள்

செபு துறைமுகப் படகுகளுக்குப் பயணச்சீட்டு போடும் மென்பொருளில் அறுபத்திரண்டு இரவல் சரக்குகள் உண்டு. தேதி பார்க்க ஒன்று, சீட்டு அச்சடிக்க ஒன்று என்று யார் யாரோ எழுதி ஊருக்குப் பொதுவாக விட்ட நிரல்கள். எதில் எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைப்பது கிளெண்டா ஓம்பாதின் வேலை. ஒன்பது வருஷமாக எழுதுகிறாள். எண்ணுக்குப் பக்கத்திலேயே காரணமும் இருக்கும்: "4.1.7. இதைத் தாண்டினால் பெனாஃப்ளோர் என்ற பெயரில் ஓர் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி விழும்."

புதிதாக வந்த தொழில்நுட்பத் தலைவர் ஆர்னெல் அதைப் பார்த்துச் சிரித்தார். வந்த மூன்றாம் வாரமே 'துணிச்சல்' என்று நாற்பது பக்கப் படக்காட்சி நடத்தியவர். அதில் முப்பத்தொன்பது பக்கங்களில் அவரே இருந்தார்.

"இது கோப்பா, மியூசியமா?"

"ஓடற மியூசியம் சார்."

"பயந்தவங்கதான் நம்பர் போடுவாங்க, கிளெண்டா."

அத்தனை எண்களையும் அழித்து, அறுபத்திரண்டு இடத்திலும் நட்சத்திரக் குறி வைத்தார். ஆகப் புதியது எதுவோ அது வரட்டும் என்று அதற்கு அர்த்தம்.

"அப்ப பழசு?"

"ஃபிரேம் போட்டு மாட்டுங்க."

மறுநாள் காலை, பதினான்கு படகுகளின் சொந்தக்காரி டெல்மா கியாம்கோ புது ஏற்பாட்டைப் பார்க்க வந்தாள். ஆர்னெல் எதுவும் ஏற்றாத ஒரு கணினியில் எல்லாவற்றையும் புதிதாக இறக்கி, சினுலோக் திருவிழாவுக்கு முந்தைய நாளுக்கு, ஜனவரி பதினேழுக்கு, ஒரு சீட்டு போட்டார். டெல்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதைப் படித்தாள்.

"பிப்ரவரி பதினேழுன்னு இருக்கே தம்பி. அன்னிக்கு என் படகு பெயிண்ட் அடிக்கக் கரையில நிக்கும்."

"நெட்வொர்க் கொஞ்சம் மக்கர் பண்ணுது மேடம்."

"நெட்வொர்க்குக்கு மாசமெல்லாம் தெரியுமா?"

தேதி நிரலின் புதுப் பதிப்பு அன்று விடியற்காலைதான் வெளிவந்திருந்தது. மாதங்களை அது பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்திருந்தது; ஒன்று என்றால் அதற்குப் பிப்ரவரி. கிளெண்டாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இப்போது வாயை மூடிக்கொண்டால் ஒன்பது வருஷ உழைப்பு நிஜமாகவே மியூசியத்துக்குப் போய்விடும். எழுந்தாள்.

"பழைய கோப்பைப் போட்டுக் காட்டட்டுமா மேடம்?" ஆர்னெல் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

நான்கு நிமிடம் ஆயிற்று. சீட்டு வந்தது. ஜனவரி பதினேழு.

"இதை யாரு பாத்துக்கறது?"

"எங்க டீம் மேடம்," என்றார் ஆர்னெல்.

"டீமுக்குப் பேரு கிடையாதா?"

"கிளெண்டா ஓம்பாத்," என்றாள் அவள். பள்ளியில் பரிசு வாங்கப் போனபோதுகூட அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

"இந்தப் பொண்ணைக் கேக்காம எதையும் தொடாதீங்க தம்பி. தொட்டீங்கன்னா என் படகெல்லாம் வேற கம்பெனிக்குப் போயிடும்."

டெல்மா போனதும் ஆர்னெல் கிளெண்டாவின் மேசையருகே வந்து தொண்டையைக் கனைத்தார்.

"அந்தப் புதுப் பதிப்பை எப்ப ஏத்தலாம்?"

"ஓட்டிப் பாத்துட்டு நான் சொல்றேன் சார்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் உட்காரச் சொல்லவில்லை.