வாளியில் போன சினை

"உன்ன எதுக்குக்கா கூப்ட்டு அனுப்பியிருக்காங்க?" என்று லோகநாயகி கேட்டாள்.

"சாட்சிக்கு" என்றாள் சவரிமேரி.

"எந்தப் பக்கம்?"

"கிளப்பு பக்கம்."

லோகநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "செனைக்கு சாட்சி நீயா? நல்லா ஆளப் புடிச்சாங்க."

"மெதுவாப் பேசுடி."

பரங்கிப்பேட்டை ஏலக்கூடத்தில் அன்று மீன் ஏலம் இல்லை. ஒரு பக்கம் சிதம்பரத்திலிருந்து வந்த தூண்டில் கிளப்காரர்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஊர் வலைக்காரர்கள் நின்றார்கள். நடுவில் மேஜை போட்டு, கடலூரிலிருந்து வந்த மீன்வளத்துறை அதிகாரி அமராவதி.

இரண்டாயிரத்து ஒன்பது, புரட்டாசி மாதம். விசைப்படகுகளுக்குச் சித்திரை, வைகாசியில் நாற்பத்தைந்து நாள் தடை உண்டு. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கு எந்தத் தடையும் கிடையாது. ஆற்று முகத்துவாரத்தில் கொடுவா மீன் குறைந்துகொண்டே வந்ததால், அவர்கள் எந்த மாதங்களில் நிறுத்த வேண்டும் என்று இரண்டு தரப்பையும் உட்காரவைத்து எழுதி வாங்கிவிட அமராவதி வந்திருந்தார்.

"விசைப்படகுக்கு எந்த நாப்பத்தஞ்சு நாளோ, அதே நாப்பத்தஞ்சு நாள் நாங்களும் தூண்டில் போடல மேடம்" என்றார் கிளப் செயலாளர் அன்புமணி. "இதுக்கு மேல என்னா வேணும்?"

ஊர் நாட்டார் பொன்னுரங்கம் சிரித்தார். ஊர்க் கட்டுப்பாடுகளைச் சொல்லும் தலைவர் அவர்தான். "சித்திரையில முகத்துவாரத்துல கொடுவா ஏது தம்பி? இல்லாத மீனப் புடிக்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கறீங்களா?"

வலைக்காரர்கள் ஓவென்று சிரித்தார்கள்.

"மொத வெள்ளத் தண்ணி எறங்கறப்பதான் அது செனையோட வந்து நிக்கும். புரட்டாசி, அப்பசி, கார்த்திக. அந்த மூணு மாசம் எங்க வல அங்க எறங்காது. உங்க தூண்டிலும் எறங்கக் கூடாது."

"அந்த மூணு மாசத்துலதான் எங்க போட்டி. காந்தி ஜெயந்திக்கு நாப்பது பேரு வராங்க."

"வரட்டும். கடலப் பாத்துட்டு, காத்து வாங்கிட்டுப் போவட்டும்."

அன்புமணி அமராவதியின் பக்கம் திரும்பினார். "செனை இருந்தா நானே நிறுத்திடுவேன் மேடம். நாளைக்கு மீன் இல்லன்னா எனக்கும்தானே நஷ்டம்? நாலு வருஷமா நாங்க புடிச்ச கொடுவா எல்லாத்தையும் சவரிமேரி அக்காதான் வெட்டிக் குடுக்கறாங்க. அப்பசி மாசம் ஒரு மீன்ல, ஒரே ஒரு மீன்லகூட செனை பாத்ததில்ல. கிளப்புல யார வேணாலும் கேளுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. சவரிமேரியை அதுதான் உறுத்தியது.

சுனாமியில் அவள் மீன் வெட்டும் இடம் போயிற்று. அன்புமணிதான் படகுத்துறைக்குப் பக்கத்தில் கிளப் கொட்டகையில் சிமெண்டு மேடையும் குழாயும் வைத்துக் கொடுத்து, சாவியையும் கையில் தந்தார். முதல் ஞாயிறு, முதல் பெரிய மீன். வயிற்றைக் கீறினால் இரண்டு மஞ்சள் பைகள். கிளப்காரர்கள் தள்ளி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரல் உள்ளே போய் ஒரு திருகு. குடலோடு குடலாகச் சினை வாளிக்குள் போய்விட்டது. சாயங்காலம் அது லோகநாயகியின் கடையில் வறுவலாயிற்று. அன்று தொடங்கிய பழக்கம்.

"இதோ, காலையில முகத்துவாரத்துல புடிச்சது. எட்டு கிலோ." அன்புமணி ஐஸ் பெட்டியைத் திறந்தார். "அக்கா, எல்லார் எதிர்லயும் வெட்டு. மேடம் கண்ணால பாக்கட்டும்."

சவரிமேரி கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். லோகநாயகி அவள் காதருகில் குனிந்தாள். "போ. கட்ட வெரல் இருக்குல்ல?"

மீனைத் தரையில் பலகை மேல் போட்டார்கள். பக்கத்தில் அவளுடைய வாளி. அமராவதி மேஜையை விட்டு எழுந்து வந்து இரண்டடி தள்ளி நின்றார். சவரிமேரி செவுளைப் பிடித்துக் கத்தியைச் செருகி வால் வரை கீறினாள். பைகள் விரலில் தட்டுப்பட்டன. கனமாக இருந்தன. விட்டுவிடலாமா என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் விரல் அதன் வேலையைச் செய்துவிட்டது. குடல் வாளியில் விழுந்த சத்தம்தான் கேட்டது.

வயிறு காலி.

"பாத்தீங்களா மேடம்?"

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார். "எட்டு கிலோ மீனு... இந்த மாசத்துல... வெறும் வயிறா?"

"பெருசுக்குக் கண்ணு மங்கிடுச்சு" என்றது ஒரு தொப்பி.

சவரிமேரியின் மகன் லூர்து பிரகாஷும் வலைக்காரர்களோடுதான் நின்றான். ஊர்க் கட்டுப்பாட்டால், புரட்டாசி பிறந்ததிலிருந்து அவன் வலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அமராவதி எழுதினார். "ஏப்ரல் பதினஞ்சுலேர்ந்து மே இருபத்தொம்பது வரைக்கும் தூண்டில் கெடையாது. கையெழுத்துப் போட்டா அஞ்சு வருஷத்துக்கு மாத்த முடியாது. யோசிச்சுப் போடுங்க."

அன்புமணி போட்டார். பேனா பொன்னுரங்கத்தின் கைக்கு வந்தது. அவர் மூடியைத் திறந்தார்.

"மேடம்" என்றாள் சவரிமேரி. யாருக்கும் கேட்கவில்லை. "மேடம், அந்த வாளியக் கவுத்துங்க."

லோகநாயகி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "யக்கா, உக்காரு. மேடை போயிடும்."

சவரிமேரி கையை உதறிவிட்டுப் போய்த் தானே வாளியைச் சாய்த்தாள். குடல் வந்தது. பின்னாலேயே சாண் நீளத்துக்கு இரண்டு மஞ்சள் பைகள் சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு போய் மேஜைக் காலில் நின்றன.

"இது எப்ப வெளிய வந்துச்சு?" என்றார் அமராவதி.

"நீங்க பாத்துக்கிட்டு இருக்கறப்ப."

"நான் கண்ணே எடுக்கலையே!"

"எடுக்க வேணாம் மேடம். வெரலு பழகிப்போச்சு."

அன்புமணி எழுந்து நின்றார். "இன்னிக்கு மட்டுமா?"

"இல்ல சார்."

"போன வருஷம்?"

"ஆமா சார்."

"பேப்பர்ல போட்டோ வந்துச்சே, அந்தப் பதினோரு கிலோ?"

"அதுலதான் ஜாஸ்தி. ரெண்டு கை கொள்ளல."

அவர் முகம் கறுத்தது. "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே அக்கா."

"தெரியும் சார். மொத நாளே எடுத்துட்டேன். எடுத்த பொறவு எப்புடிக் கேக்கறது?" அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஆறேழு கிலோவுக்கு மேல போனா எல்லாம் பொட்டதான் சார். நீங்க பெருசு பெருசுன்னு புடிச்சதெல்லாம் முட்ட போட வந்த மீனு."

பொன்னுரங்கம் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"எப்ப ஆரம்பிக்கும், எப்ப முடியும்? சரியாச் சொல்லுங்க" என்றார் அமராவதி.

"ஆவணி கடைசிலேயே பை கட்ட ஆரம்பிச்சிடும். அப்பசி முழுக்க ரொம்பியிருக்கும். கார்த்திக கடைசியில சுருங்கிடும். மார்கழியில ஒண்ணும் இருக்காது."

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

"வாளிதான் மேடம் எனக்குத் தெரியும். மொத வருஷம் ஒரு ஞாயித்துக்கெழமைக்கே வாளி ரொம்பும். போன வருஷம் அப்பசி பூரா சேத்தாலும் பாதி வாளி இல்ல."

"அது நெசம் மேடம்" என்று லோகநாயகி வாய்தவறிச் சொன்னாள். கூடமே திரும்பியது. "நான்... நான் வறுக்கறவ."

அன்புமணி அவளை உற்றுப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செனை வறுவல் விப்பீங்களே, அவுங்களா? போட்டி முடிஞ்சு நாங்க அங்கதானே தின்னுட்டுப் போவோம்!"

"ஆமா சார். நீங்க காரம் தூக்கலா கேப்பீங்க."

வலைக்காரர்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அன்புமணி சிரிக்கவில்லை.

அமராவதி தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். "செப்டம்பர் பதினஞ்சு முதல் டிசம்பர் பதினஞ்சு வரை. செயலாளர் சார், என்னா சொல்றீங்க?"

"நாப்பது பேருக்கு ரூம் போட்டாச்சுண்ணே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முனகியது.

"போன் பண்ணு. வர வேணாம்னு சொல்லு." அன்புமணி குனிந்து கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் அழுத்தினார். அடுத்து பொன்னுரங்கம், நிதானமாக, முழுப் பெயரும் எழுதினார்.

அன்புமணி சவரிமேரியிடம் வந்து கையை நீட்டினார். "சாவி."

அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்றார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"மார்கழி பொறந்ததும் போட்டி வெப்போம். வெட்ட ஆள் வேணும்."

"நான் வரட்டா சார்?"

"வா. வாளி எடுத்துக்கிட்டு வராத."

"அப்ப குடல எங்க சார் போடறது?"

"எங்கண்ணு முன்னால போடு."