எந்தக் கை

"எந்தக் கையில போடலாம் அக்கா?" என்று நர்ஸ் கேட்டபோது, வேலைக்கு வலது கை வேண்டுமே என்ற ஒரே யோசனையில் அவள் இடது கையை நீட்டிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவளிடம், போட்டாச்சு, அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்றார்கள். தெரிந்த முகம் எதுவும் தட்டுப்படாத தூரத்தில் தேடிப் பிடித்த தடுப்பூசி முகாம் அது. பள்ளிக்கூட வகுப்பறை. கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன பெருக்கல் கணக்கு இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டு யாருக்கும் தெரியாமல் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்ற கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு என்றால் கூட்டம். கணவன் வழியில் வந்த பிரார்த்தனைக் கூட்டம். ஒரு மாடி ஹாலில் சேருகிற சில குடும்பங்கள், அவ்வளவுதான். கடவுள் மூடிக் கொடுத்த உடம்பில் மனிதன் துளை போடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஊசி கிடையாது. காது குத்துவதும் கிடையாது. கல்யாணத்தன்று அவள் கழற்றிய தோடு பிறகு காதில் ஏறவில்லை; ஓட்டைகள் தூர்ந்து புள்ளியாகிவிட்டன. மகளுக்குக் காது குத்தவே இல்லை. பிரார்த்தனையின்போது கணவன் மனைவிக்கு இடப்பக்கம் நின்று, அவளுடைய இடது மேற்கையைப் பற்றிக்கொள்ள வேண்டும். கண்ணை மூடினால் அவனுக்கு உலகம் மறந்துவிடும். பிடி இறுகிக்கொண்டே போகும். லிஃப்ட் மெக்கானிக்கின் பிடி, கேட்கவா வேண்டும். இத்தனை வருஷமாக அவன் பிடிக்கிற கையையே கொண்டுபோய் நீட்டியிருக்கிறாளே, இந்த மண்டையில் மூளைதான் இருக்கிறதா என்று தன்னையே வைதுகொண்டாள்.

அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடக்க வைப்பது. தடுப்பூசி போடாதவர்கள் வர வேண்டாம் என்று இல்லம் சொன்னபோது, மத நம்பிக்கையைச் சொல்லி விலக்குக் கேட்க இஸ்திரி போட்ட சட்டையோடு அவன்தான் கூட வந்தான். பொறுமையாக, அழகாகப் பேசினான். மேனேஜர் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க நம்பிக்கையும் இதுதானாம்மா?"

தலையாட்டினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேறு எப்படி ஆட்டுவது? விலக்கு கிடைத்தது. ஆனால் இனி யாரையும் தொட வேண்டாம் என்று துணி துவைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேதான் வினை. நோய் கண்டவர்களின் விரிப்புகள் சிவப்புப் பைகளில் முடிச்சுப் போட்டு வரும். முதலில் எப்போதாவது ஒன்று வந்தது. பிறகு பை மேல் பை. ஒருநாள், இல்லத்தில் இருந்த பாட்டு டீச்சரின் பூப்போட்ட போர்வை வந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வை அது; "சாயம் போயிடும்டி, தொடாத" என்று யாரையும் துவைக்க விடமாட்டார். பார்த்துப் பார்த்து அலசி, மடித்து, கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள். போர்வை திரும்பி வந்தது. டீச்சர் போய்விட்டார்.

அன்றைக்குப் பிடித்தது பயம். தொண்டை கரகரத்தால் பயம். மகள் தும்மினால் பயம். வேலை விட்டு வந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளையை, கிட்ட வராதே என்று விரட்டிவிட்டுக் குளியலறைக்குள் நின்று அழுதாள். அந்தப் பயம் பொறுக்காமல்தான் முகாமுக்குப் போனது. போட்டுக்கொண்டதும் அது இறங்கிப்போய் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. போன வருஷம் கூட்டத்தைச் சேர்ந்த தையல்காரரின் மனைவி பல் பிடுங்கப் போன இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டாள். கூட்டம் ஒதுக்கி வைத்தது. தையல்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டார். மார்க்கெட்டில் அவள் தனியாகத் தக்காளி பொறுக்கிக்கொண்டிருப்பாள். இவளும் பார்க்காத மாதிரி அடுத்த கடைக்கு நழுவிவிடுவாள்.

ஞாயிறு விடிந்தபோது உடம்பு அனலாய்க் கொதித்தது. கையைத் தூக்க முடியவில்லை. இப்படி வரும், ஒரு நாளில் போய்விடும் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அவனுக்கு யார் சொல்வது? நெற்றியில் கை வைத்தவன் சுட்டதுபோல் எடுத்துக்கொண்டான்.

"என்னம்மா இப்படிக் கொதிக்குது?"

"ஒண்ணுமில்லைங்க. அசதி."

"மூச்சு விட முடியுதா? நல்லா இழுத்து விடு, பாப்போம்."

இழுத்து விட்டாள். சுத்தமாகத்தான் வந்தது. அவன் நம்பவில்லை. "அந்தச் சிவப்புப் பையெல்லாம் நீதான பிரிக்கிற" என்றான். குரல் உடைந்திருந்தது. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டின் தலையில் உட்கார்ந்து டீ குடிக்கிறவன் அவன். அவனுடைய உதடு நடுங்கி அவள் பார்த்ததில்லை. போனை எடுத்தான். கூட்டத்துப் பெரியவரைத்தான் கூப்பிடுகிறான், எல்லோரும் வந்து சுற்றி நின்று பிரார்த்திப்பார்கள் என்று நினைத்தாள். அவன் டாக்ஸிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்கங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"இன்னிக்குக் கூட்டம்..."

"கூட்டம் கெடக்கட்டும்." சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடியும் மாற்றிப் போட்டான். "ஊசி போடட்டும், குழாய் சொருகட்டும், என்ன வேணா பண்ணட்டும். பாவம்னா அது என் தலையில வரட்டும். நீ எனக்கு வேணும்."

இப்படி ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்க எவ்வளவு நாளாக ஆசைப்பட்டிருக்கிறாள். கேட்டபோது சந்தோஷப்பட முடியவில்லை. நேற்று ஊசி போட்டுக்கொண்டேன், அதனால் வந்த காய்ச்சல் என்று சொன்னால் போதும், அவன் பயம் இந்த நிமிஷமே போய்விடும். ஆனால் அவன் எதிரில் தலையாட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் போனவள் என்பதும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், ஆயுசு முழுக்கக் கட்டிக் காத்ததை ஒன்றுமில்லாத காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரி வாசலில் போட்டு உடைப்பான். அங்கே போனதும் முதல் கேள்வியே தடுப்பூசி போட்டாச்சா என்பதாகத்தான் இருக்கும்.

கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. அவன் வழக்கம்போல் அவளுடைய இடப்பக்கம் வந்து குனிந்தான். விரல் படுவதற்குள் அவள் உடம்பு சுவரோடு சுருண்டது.

"அந்தக் கை வேணாங்க."

அவன் நின்றுவிட்டான். அவள் முகத்தைப் பார்த்தான். முழங்கை வரை இழுத்துவிட்டிருந்த நைட்டியின் கையைப் பார்த்தான். தூக்கிப் பார்க்கவில்லை. மறுபடியும் ஹாரன் கேட்டது. அப்பா செருப்பையும் அம்மா செருப்பையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மகள் கதவருகே வந்து நின்றாள்.

"அப்ப எந்தக் கைய பிடிக்கட்டும்?" என்றான், மெதுவாக.

அவன் கை நீட்டியபடியே இருந்தது.