மலைக்கோயிலுக்குப் போன பிரேக் வாத்தியார்

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அந்த மனுஷனைப் பெயர் சொல்லிக் கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. பிரேக் வாத்தியார் என்றால்தான் தெரியும். படிக்க வந்தவர் யோசித்து முடிப்பதற்குள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிடுவார். சொல்லிக்கொடுக்கிற வண்டியில் அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. தொழிலுக்கு அது வேண்டியதுதான். பெற்ற பெண் ஓட்டுகிற அன்றைக்கும் அதே வண்டியை எடுத்து வந்தாரே, அவரை என்னவென்று சொல்ல!

மகள் மாட்டு டாக்டர். போன வருஷம் தனியாக ஓட்டிப்போய் ஒரு காம்பவுண்டுச் சுவரில் மோதினாள். அடி பெரிதாக இல்லை, மனசுதான் விட்டுப்போயிற்று. அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. ஊர் ஊராகத் தானே வண்டி ஓட்டிப்போய் மாடு பார்க்க வேண்டும்.

"மலைக்கோயில் வரைக்கும் ஓட்டிப் பாக்கறேம்பா. முடிஞ்சா வேலைக்குப் போறேன். இல்லன்னா இன்னிக்கே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

அடிவாரத்திலிருந்து ஒழுங்காகத்தான் ஏறினாள். பாதி மலையில், வளைவில், ஒரு பஸ் ஆடி அசைந்து இறங்கி வந்தது. அவள் ஒதுங்கத்தான் போனாள். அதற்குள் வாத்தியார் கால் பிரேக்கில்! வண்டி குலுங்கி, இன்ஜின் அணைந்து, ஏற்றத்தில் அப்படியே நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்டான்.

மகள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"நான் மிதிக்கலப்பா. நீங்க மிதிச்சீங்க."

"பஸ்ஸு வந்துச்சேம்மா..."

"ஏன், எனக்குக் கண்ணு இல்லையா? இந்தாங்க, நீங்களே ஓட்டுங்க. வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அவள் கண் கலங்கியது. இவளை ஓட்ட விடாமல் வைத்திருப்பது நானேதான் என்று வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. மளமளவென்று இறங்கிப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"இங்க மிதிக்க எனக்கு ஒண்ணும் இல்ல. நீ எடும்மா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி ஒருமுறை முனகிவிட்டு ஏறியது. வாத்தியார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

உச்சியில், பாறையைக் குடைந்த பழைய கோயில். எத்தனை தலைமுறை மிதித்ததோ, வாசற்படி நடுவில் குழிந்துபோயிருந்தது. உள்ளே இருட்டு, எண்ணெய் வாசனை. குருக்கள் தீபத்தைத் தூக்கிக் காட்டியதும் சாமி முகம் பளிச்சென்று தெரிந்தது. "எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்றுதான் வாத்தியார் எப்போதும் வேண்டிக்கொள்வார். இன்றைக்கு, "எனக்குக் கொஞ்சம் தைரியம் குடுப்பா" என்று மட்டும் கேட்டார்.

வெளியே வந்ததும், "நான் படி வழியா நடந்து இறங்கறேன். நீ வண்டிய எடுத்துட்டு வா" என்றார்.

"தனியாவா?"

"தனியாத்தான்."

"உங்க முட்டி?"

"அது என் பாடு. நீ கெளம்பு."

 மகள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.

படிகளில் இறங்கும்போது மரங்களுக்கு நடுவே சாலை தெரிந்தது. வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் வாத்தியாரின் வலது கால் படிக்கல்லைப் பிரேக் மாதிரி அழுத்தியது. எதிரே ஏறி வந்த ஒரு அம்மா நின்று, "என்னண்ணா, கால் சுளுக்கிக்கிச்சா?" என்றார்.

"தொழில் வியாதிம்மா" என்றார் வாத்தியார்.

அப்புறம் வண்டி கண்ணில் படவில்லை. சத்தமும் இல்லை. முட்டியாவது ஒன்றாவது, கிடுகிடுவென்று இறங்கினார்.

அடிவாரத்தில் வண்டி ஓரமாக, நேராக நின்றிருந்தது. மகள் அதில் சாய்ந்து, அவர் வந்ததைப் பார்க்காமல், போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார், திங்கக்கிழமை சேந்துடறேன். டிரைவர்லாம் வேணாம் சார். நானே ஓட்டிட்டு வந்துடுவேன்."

வாத்தியார் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது, நன்றாக அழுதார்.