அமுக்கிய கை

விநாயகர் சதுர்த்தியன்று மத்தியானம், கொழுக்கட்டையைத் தின்றுகொண்டே ஊரே டிவியில் அந்தப் படத்தைப் பார்த்தது. அடுத்த சனிக்கிழமை குடமுருட்டி ஆற்றுப் படித்துறையில் நடக்கும் நீச்சல் வகுப்புக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. செம்மொழி டீச்சர் லாரி டியூப்களில் காற்றடித்து வைத்துவிட்டு, கழுத்தில் விசிலோடு, வெயில் ஏறும் வரை தனியாக நின்றாள். ஆறு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்படியொன்றும் பிரமாதமான படமில்லை. தியேட்டர் பக்கமே போகாமல் டிவிக்கென்று எடுத்த த்ரில்லர். ஒரு டீச்சர், பார்க்க லட்சணமாக இருப்பாள், தன் ரகசியம் தெரிந்த மாணவிகளை ஒவ்வொருத்தியாக ஆற்றில் அமுக்கிக் கொல்லுவாள். போன தை மாதம், ஆற்றில் தண்ணீரை நிறுத்துவதற்கு முன்னால், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் இந்த ஊரில்தான் அந்தக் காட்சியை எடுத்தார்கள். டீச்சராக நடித்த சென்னைப் பெண் முழங்கால் தண்ணீரிலேயே ஐயோ அம்மா என்று அலறிவிட்டாள். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது யாரோ சொன்னார்கள், பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் நன்றாக நீந்துவாள் என்று. “முகம் அவங்களோடது, கை மட்டும் உங்களோடது” என்றார் டைரக்டர். செம்மொழியும் சரியென்று இறங்கினாள். அமுங்குகிற தலைக்கு அவளிடம் நீச்சல் படித்த குந்தவையே கிடைத்தாள். அந்த வகுப்பில் அவள் அளவுக்கு மூச்சுப் பிடிக்க யாராலும் முடியாது.

குந்தவையின் அப்பா துரைராசு அன்றைக்கு எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. சொல்லப்போனால், “எம் பொண்ணு டிவில வரப்போறா” என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்ததே அவர்தான்.

படத்தில் அந்தக் கையைத் திரை முழுக்கக் காட்டினார்கள். மணிக்கட்டில் ஒரு தழும்பு, சின்ன வயசில் நெல் அவிக்கிற அண்டாவில் சுட்டுக்கொண்டது. அந்தத் தழும்பை ஊரில் யாருக்குத் தெரியாது! அந்தக் கைக்குக் கீழே குந்தவை கண்ணை அகலத் திறந்தபடி தண்ணீருக்குள் போனாள், குமிழி வந்தது, குமிழி நின்றது. அவள் அம்மா அகிலாண்டம் தட்டைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்திலேயே கொழுக்கட்டையும் வாயுமாக உட்கார்ந்திருந்த மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாளாம். மகள் சிரித்தாளாம்.

தலைமை ஆசிரியை போனில் கெஞ்சினார். “திங்கக்கிழமை பெற்றோர் ஆசிரியர் கழகத்தக் கூட்டிருக்காங்க. துரைராசுதான் தலைவரு, தெரியுமில்ல? ஒரு மன்னிப்பு சொல்லிடு செம்மொழி. நீச்சல் வகுப்பு இனிமே கிடையாதுன்னு சொல்லிடு. இதோட போயிடும்.”

இதோட போயிடுமாமே! மூன்று வருஷத்துக்கு முந்தி ஆடிப்பெருக்கன்று, நழுவின தாம்பாளத்தைப் பிடிக்கப் போய் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதே படித்துறையில் போய்ச் சேர்ந்தாள். கரையில் நின்ற பெண்டுகளில் ஒருத்திக்கும் நீந்தத் தெரியவில்லை, கத்தத்தான் தெரிந்தது. செம்மொழி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்கப்புறம் வீடு வீடாகப் படியேறிப் பேசி, அவள் ஆரம்பித்த வகுப்பு இது. டிவியில் ஓடின ஒரு கைக்காக அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

திங்கள் சாயங்காலம் கூட்டத்துக்குப் போனாள். பெஞ்சு கொள்ளாமல் ஆள். துரைராசு தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா, நீ நல்லாத்தான் சொல்லிக்குடுக்குற. இல்லேங்கல. ஆனா ஊர் உலகமே பாக்குறப்ப எம் பொண்ணு தலைய அப்புடிப் புடிச்சு அமுக்கலாமா?”

“நடிப்புங்க அது. நீங்களும் கரையில நின்னு பாத்தீங்களே.”

“பாத்தேன். டிவில பாக்குறப்பல்ல தெரியுது!”

“என்ன தெரியுது?”

துரைராசுவுக்குப் பக்கத்தில் இருந்த அவர் பங்காளி இளையபெருமாள் மேலே விசிறியைப் பார்த்தபடி, “சொந்தக்காரவுங்க போன் பண்ணி, அது யாரு கைன்னு கேக்குறாங்க. என்னன்னு சொல்றது?” என்றார்.

அப்படிப் போடு! செம்மொழிக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. அவள் அப்பா ரெத்தினம் துரைராசு வீட்டு வயலில் கூலிக்கு நின்றவர். இன்றைக்குச் சொந்த நிலத்தில் நடவு நடுகிறார், மகள் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதெல்லாம் சரிதான், ஆனால் அந்தக் கை இந்தத் தலைமேல் படலாமா? இதுதானே கேள்வி! இதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை பேர் இத்தனை நேரம் மென்று முழுங்கினார்கள்.

“சொல்லுங்களேன்” என்றாள் அவள். “ரெத்தினம் பொண்ணு கைன்னு சொல்லுங்க. நடவு நட்ட கை, நெல் அவிச்ச கை, உங்க பொண்ணுக்கு நீந்தக் கத்துக்குடுத்த கை. உசுர் போவக்கூடாதுன்னு புடிச்ச கைக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? கேக்க மாட்டேன். வகுப்பையும் நிறுத்த மாட்டேன்.”

“செம்மொழி...” என்று இழுத்தார் தலைமை ஆசிரியை.

“விடுங்கம்மா.”

கசமுசாவென்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதற்கு நடுவில் கடைசி பெஞ்சிலிருந்து அகிலாண்டம் எழுந்தாள். கூட்டத்தில் அவள் இதுவரை வாய் திறந்தவளே இல்லை.

“எனக்கு யாரு கைங்கிறதுல ஒண்ணுமில்ல டீச்சர். எம் புள்ள கண்ணு அப்புடியே நின்னுச்சே, அதான். கண்ண மூடுனா அதான் வருது. சோறு எறங்கல.”

செம்மொழியின் கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் தணிந்தது. “வாங்கக்கா. படித்துறைக்கு வாங்க. நீங்களே அமுக்கிப் பாருங்க.”

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் ஆறு. வேடிக்கை என்றால் விடுவார்களா, மொத்தக் கூட்டமும் பின்னாலேயே வந்தது. அம்மாவோடு வந்திருந்த குந்தவை யூனிபார்ம் துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு மார்பளவு தண்ணீருக்குப் போனாள். அகிலாண்டம் புடவையோடு படிப்படியாக இறங்கி, கடைசிப் படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். செம்மொழி அவளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

“வேண்டாம் அகிலாண்டம்!” என்றார் துரைராசு கரையிலிருந்து.

“நல்லா அமுக்கும்மா” என்றாள் குந்தவை. “பயப்படாத.”

அகிலாண்டம் கையை மகள் தலையில் வைத்தாள். அமுக்கினாள். தலை உள்ளே போனது. ஒரு கணம் உள்ளங்கையில் முடி தட்டுப்பட்டது, அப்புறம் தண்ணீர்தான் தட்டுப்பட்டது. அவள் கையைத் துழாவினாள். இந்தப் பக்கம் துழாவினாள், அந்தப் பக்கம் துழாவினாள். “டீச்சர், இல்ல டீச்சர், புள்ள இல்ல!” என்று கத்தினாள். துரைராசு செருப்போடு படியில் ஓடிவந்து, முழங்கால் நனைந்ததும் நின்றுவிட்டார். அவருக்கும் நீந்தத் தெரியாது, பாவம்.

“அம்மா!”

எதிர்க்கரை நாணல் ஓரத்தில் தலையைச் சிலுப்பிக்கொண்டு நின்றாள் குந்தவை. பல்லெல்லாம் தெரிந்தது.

“அமுக்கினா மேல திமிறக் கூடாதுக்கா” என்றாள் செம்மொழி. “கீழ போவணும். போனா அமுக்குற கை தன்னால விட்டுரும். நான் சொல்லிக்குடுத்த மொத பாடமே அதான். ஆத்துல எவளாவது பயத்துல இவளக் கட்டிப்புடிச்சாலும் தப்பிச்சு வரணுமில்ல. டிவில இவ தப்பிக்காம நின்னதுதான் நடிப்பு.”

இளையபெருமாள் இந்த முறை ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நீந்தி வந்து சேர்ந்ததும் அகிலாண்டம் அவள் கன்னத்தைத் தடவினாள், முதுகில் பட்டென்று ஒன்று வைத்தாள், மறுபடி தடவினாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

“சரி சரி, பாத்தாச்சுல்ல, மேல வா” என்றார் துரைராசு.

அகிலாண்டம் மேலே வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“அன்னிக்கு அந்தப் பொண்ணு போனப்ப கரையில நின்னு கத்துனவள்ல நானும் ஒருத்தி டீச்சர்” என்றாள். “எனக்கும் சொல்லிக்குடுங்க. என் தலையில கைய வைங்க.”

“அகிலாண்டம்! அத்தன பேரு பாக்குறாங்கடி!”

“பாக்கட்டுமே. டிவில பாத்தவுங்க நேர்லயும் பாக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போயி மாட்டுக்குத் தண்ணி வைங்க, நான் வர்றேன்.”

செம்மொழி ஈரக் கையைத் தூக்கினாள். மணிக்கட்டுத் தழும்பு சாயங்கால வெயிலில் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தது.

“மூச்ச இழுத்துப் புடிச்சுக்கங்கக்கா” என்றாள். ஊர் பார்க்க அந்தத் தலையில் கையை வைத்து அமுக்கினாள்.