நாற்பத்தொரு முத்துப்பேச்சிகள்

இடத்தை மிச்சம் பிடிக்கிறவனுக்கு ஒரு திமிர் உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

1979-இல் இடுக்கி மலையில் ஒரு தேயிலைக் கம்பெனியின் தலைமை ஆபீசில் புரோகிராமராக இருந்தேன். என் ஊர் பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதி. ஊரில் கடலைக்காடும் கிணறும் இருக்க, நம்ம சென்னிமலைப் பயல் இடுக்கிக்குப் போய் ஏதோ பெட்டியோடு மல்லுக்கட்டுகிறான் என்று எங்கள் ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பெட்டி என்றால் நிஜமாகவே பெட்டிதான், இரும்பு பீரோ உயரத்துக்கு. அதன் மெமரியில் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் எழுத்துக்கள் அடங்கும். அவ்வளவுதான்.

கம்பெனிக்குப் பதினொரு டிவிஷன், ஆறாயிரத்து இருநூறு தொழிலாளர்கள். எல்லாப் பெயரும் ஒரே நேரத்தில் மெமரிக்குள் இருக்க வேண்டும் என்றார் மேனேஜர். ஒரு பெயருக்கு இருபது எழுத்து என்று கட்டம் போட்டால் ஒன்றேகால் லட்சம் ஆகிறது. இன்னொரு மெமரி பலகை வாங்குங்கள் என்றான் பெட்டியை விற்றவன். அந்தப் பேச்சே வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். மதராசில் பி.சி.பி.எல். என்ற மொழியைப் படித்துவிட்டு வந்திருந்தேன். மெமரியில் எந்த எழுத்து எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கிற மொழி அது.

முதலில் கட்டங்களை எடுத்தேன். பெயர்களை இடைவெளியே இல்லாமல் ஒரே நீளச் சரமாகக் கோத்து, எந்தப் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் தனியாக ஒரு வரிசையில் வைத்தேன். பாதியாகக் குறைந்தது. அப்போதும் கொள்ளவில்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டு கிடந்தேன். பிறகு, பெட்டி படிப்பதற்காகப் பெயர்களை ஓட்டைகளாகக் குத்திவைத்த பஞ்ச் கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆறாயிரம் பேர் இருந்தாலும் பெயர்கள் அறுநூற்று நாற்பதுதான். எங்கே பார்த்தாலும் சுடலை, சின்னத்தாய், முத்துப்பேச்சி. பிறகு எதற்கு முத்துப்பேச்சியை நாற்பத்தொரு தடவை எழுத வேண்டும்? ஒரே தடவை எழுதினேன். அதற்கு 212 என்று ஒரு எண். நாற்பத்தொரு பேருக்கும் பெயருக்குப் பதிலாக 212. முழுப் பட்டியலும் இருபதாயிரத்துச் சொச்சத்துக்குள் அடங்கிவிட்டது.

பெருமையாகத்தான் இருந்தது. அதிலும் திருத்தம் செய்கிற பகுதியை நினைத்து எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. ஒரு பெயரில் எழுத்துப் பிழை இருந்தால், அந்தப் பெயருள்ள யாராவது ஒருவருடைய நம்பரில் ஒரு கார்டு போட்டால் போதும். எல்லாருக்கும் சேர்ந்து திருந்திவிடும்.

பஞ்ச் கார்டு போடுகிற கத்தரீனாளிடம் இதை விளக்கினேன். அவள் எஸ்டேட்டில் பிறந்தவள். கேட்டுவிட்டு, "ஒருத்தி பேர மட்டும் மாத்தணும்னா?" என்றாள்.

"ஒருத்தி பேர மட்டும் எதுக்குங்க மாத்தோணும்?" என்றேன். அவள் கார்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு, எனக்குத் தெரியாது. ஆள் செத்தால் உடனே பெயரை அடிக்க மாட்டார்கள். குடும்பம் குடியிருக்கும் லயத்து வீடு அந்தப் பெயரில் இருக்கிறது, பதினாறு கழிவதற்குள் அடிப்பது பாவம். அதனால் டிவிஷன் கணக்கு எழுதும் ரைட்டர்மார் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று மட்டும் எழுதி வைப்பார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் பெயர் போகும். மார்ச்சில் பிச்சாண்டி என்று ஒருவர் இறந்தபோதும் அப்படியொரு சீட்டு வந்து, கார்டு போட்டு, பட்டியலில் 'லேட் பிச்சாண்டி' என்று வந்தது. அந்தப் பெயரில் வேறு ஆள் இல்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஜூலையில் பேய் மழை. மேல் டிவிஷனுக்குப் போகும் ரோடு இடிந்து, டெலிபோன் கம்பியும் போய்விட்டது. ரோப்வேயில் தேயிலை மூட்டைகளோடு தபால் பை மட்டும் கீழே வந்துகொண்டிருந்தது. மாதப் பட்டியலை அச்சடித்து எல்லா டிவிஷனுக்கும் அனுப்பினோம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் என் மேஜைக்கே வந்துவிட்டார். நாலு டிவிஷனில் பெண்கள் கொழுந்தெடுக்கப் போகவில்லையாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் பெயர் வாசித்தபோது எங்கும் 'லேட் முத்துப்பேச்சி' என்று வந்திருக்கிறது. உயிரோடு நிற்கிறவளைச் செத்தவள் என்று வாசித்தால் எவள் வேலைக்குப் போவாள்? உடனே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வா என்று கத்தினார். என்ன நடந்திருக்கும் என்று அவர் பேசி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஒரு முத்துப்பேச்சிக்குப் போட்ட 'லேட்' கார்டில் 212 மாறிவிட்டது.

ஜீப்பில் ஏறும்போது கத்தரீனாள் பின்னாலேயே வந்தாள்.

"சார், நாப்பது தப்பு. ஒண்ணு நெசமா இருக்கணும்லா? சீட்டத் தேடிப் பாத்துட்டுப் போங்க."

"வந்து பாத்துக்கலாம். அங்க வேல நிக்குது."

ஐந்து நிமிஷ வேலை அது. சீட்டுக்கட்டு அலமாரியில்தான் இருந்தது. எனக்கு என் புரோகிராமின் மானம்தான் பெரிதாக இருந்தது.

முதலில் போனது கீழ் டிவிஷன். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு இருநூறு பேர் நின்றார்கள். அங்கே மூன்று முத்துப்பேச்சிகள். மூன்று பேரும் சூப்பர்வைசர் கருத்தப்பாண்டியைச் சுற்றி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால், ஈரத்தரையில் ஒரு பெண் உட்கார்ந்து மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"அது அழகுத்தாய் சார்," என்றார் கருத்தப்பாண்டி. "இவளோட மவ முத்துப்பேச்சிய மேல் டிவிசன்ல கட்டிக் குடுத்திருக்கு. மேல் டிவிசன் ஆளுக பத்துப் பேரு ரோடு இடிஞ்சு இங்கன மாட்டிக்கிட்டாக. மேல போவ முடியாம இங்கன கெடந்த அந்த லிஸ்டையும் அவுகளுக்காவ வாசிச்சேன். அதுலயும் லேட்டுன்னு வந்துட்டு."

நான் அவள் அருகில் போய்க் குனிந்தேன்.

"ஏனுங்கம்மா, அழுவாதீங்க. இது மிசினோட தப்புங்க. முத்துப்பேச்சின்னு பேரிருக்கற எல்லாத்துக்கும் அப்படி வந்திருக்குதுங்க."

அவள் நம்பவில்லை. நான் அந்த மூன்று பேரையும் கூப்பிட்டு அவள் முன்னால் நிறுத்தினேன். "இவிங்களையும் லேட்டுன்னுதான் போட்டிருக்குது. இவிங்க செத்தா போயிட்டாங்க? உங்க புள்ளையும் இவிங்களாட்ட நல்லாத்தானுங்க இருக்கும்."

அதைச் சொன்னது நான்தான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

அழகுத்தாய் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். என்னை விடாமல் லயத்துக்குக் கூட்டிப் போய்க் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள்.

"வெறுஞ்சாயாதான் சார், பால் இல்ல. எம்மவளுக்கு இது ஆறாம் மாசம். அந்தக் கோட்டிக்காரி கேட்டா எப்படிச் சிரிப்பா பாருங்க. எம்மோவ், என்னய சாவடிச்சிட்டீகளான்னு கேப்பா."

நானும் சிரித்தேன். சாயா நன்றாக இருந்தது என்று சொன்னதும் இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

ரோடு இருந்த மற்ற டிவிஷன்களுக்கும் போய்த் தலைகுனிந்து சமாதானம் சொல்லி முடிக்க இரண்டு நாள் ஆனது. போன இடமெல்லாம் என்னை 'லேட்டு சார்' என்று கேலி செய்தார்கள். எனக்கு அது பிடித்துக்கூடப் போனது. மூன்றாம் நாள் ஆபீசுக்கு வந்தேன். என் மேஜை மேல் ஒரு சீட்டைக் கல் வைத்து அமுக்கியிருந்தாள் கத்தரீனாள். அவள் கண் சிவந்திருந்தது.

"முன்பக்கத்த மட்டும்தான சார் பஞ்ச் பண்ணுவோம்," என்றாள்.

முன்பக்கத்தில் நம்பர் 4417, லேட் முத்துப்பேச்சி, மேல் டிவிஷன். சீட்டைத் திருப்பினேன். மேல் டிவிஷன் ரைட்டர் பென்சிலால் எழுதியிருந்தார்: 'திங்கள் இரவு மழையில் லயத்துச் சுவர் விழுந்து மரணம். வைத்திருக்க முடியாததால் இங்கேயே அடக்கம் செய்தோம். தாய் அழகுத்தாய், கீழ் டிவிஷன். தகவல் சொல்லவும்.'

நான் எழுந்து ஜன்னலருகில் போய் நின்றேன். யாரையாவது அனுப்பிச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், வெட்கமில்லாமல். கத்தரீனாள் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இருவரும் போனோம்.

அழகுத்தாய் வேலை முடிந்து வந்து அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மூலையில் மூடி வைத்திருந்த தூக்குச்சட்டியை எடுத்தாள்.

"நீங்க வருவீகன்னு தெரியாது சார். நேத்துக் காளியம்மனுக்குப் பொங்க வச்சேன். மவ நல்லாருக்கான்னு நீங்க சொன்னீகல்லா, அதுக்கு. லயம் பூராவும் குடுத்தேன். கொஞ்சம் மிச்சமிருக்கு, அவளுக்கு எடுத்து வச்சது. ரோடு தொறந்துட்டா?"

"ரோடு இன்னும் தொறக்கலீங்க," என்றேன். சீட்டை நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதுகூட அப்போது நினைவில் இல்லை. கத்தரீனாள் அதை வாங்கி, பின்பக்கத்தைப் படித்தாள், மெதுவாக, ஒரு வார்த்தையும் விடாமல்.

அழகுத்தாய் தூக்குச்சட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இதுவும் மிசினு தப்பா இருக்கும்லா சார்?"

"இல்லைங்கம்மா. இது ஆள் எழுதுனது."

அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. கத்தரீனாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கெழமையா?" என்றாள் அழகுத்தாய் கடைசியில்.

"ஆமாங்க."

"அப்ப நீங்க வந்தன்னைக்கு அவ மண்ணுக்குள்ளதான் கெடந்திருக்கா." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "நான் அழுதுக்கிட்டுத்தான இருந்தேன் சார். பெத்த வயிறுக்குத் தெரிஞ்சு, அழுதுக்கிட்டுத்தான இருந்தேன். நீங்க வந்து நிப்பாட்டிட்டீக. எம்மவ செத்துக் கெடக்கையில ரெண்டு நாளு நான் சிரிச்சிருக்கேன். பொங்க வச்சு ஊருக்குக் குடுத்திருக்கேன்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"அந்த ரெண்டு நாளு அழுகை அவளுக்குச் சேர வேண்டியது சார். அதை நான் இனி எங்கன போய் அழுவேன்?"

பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். ஒப்பாரி தொடங்கியது. நான் வழிவிட்டு வெளியே வந்து மழையில் நின்றேன். யாரும் என்னைப் போகவும் சொல்லவில்லை, உள்ளே வரவும் சொல்லவில்லை.